காப்புக்காடு இருந்தும் காடு ஏன் குறைகிறது? சேர்வராயன் மலையை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்காட்டுக்குப் போய்வருகிறவர்கள், அடிவாரத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள், மலையில் கொஞ்சம் இடம் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், எஸ்டேட்காரர்கள் எனப் பலரும் காட்டைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேலத்தை ஒட்டி, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் எதிர்காலத்தைக் காப்புக்காட்டு (அரசு அறிவித்துக் காக்கும் காடு) எல்லைக்கல் மட்டும் முடிவு செய்யாது. எல்லைக்கு வெளியே இருக்கும் பட்டா நிலத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்யும்.

சேர்வராயன் மலை பாதுகாக்கப்பட்ட பகுதியா?

சட்டத்தின் கணக்கில் இல்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் தேசியப் பூங்கா, சரணாலயம், பாதுகாப்புக் காப்பகம், சமுதாயக் காப்பகம் ஆகிய நான்கைத்தான் அந்தப் பெயரில் சொல்வார்கள். பக்கத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரி காடுகளில் 2022-இல் காவேரி தெற்கு சரணாலயம் வந்தது. ஈரோடு மாவட்டத்தில் பர்கூர் பக்கம் தந்தை பெரியார் சரணாலயம் வந்தது. சேர்வராயன் மலையில் அப்படி எதுவும் இல்லை.

இங்கே இருப்பது காப்புக்காடு. பேச்சுவழக்கில் ஆர்.எஃப். 1882-ஆம் ஆண்டு வனச் சட்டம் இதற்கு அடிப்படை. முதலில் 4-ஆம் பிரிவில் அறிவிக்கை வரும். அந்த நிலத்தில் யாருக்கு என்ன உரிமை என்று விசாரிப்பார்கள். விசாரணை முடிந்தபின் 16-ஆம் பிரிவில் இறுதி அறிவிக்கை. அதன்பின் அனுமதி இல்லாமல் மரம் வெட்டுவது, மாடு மேய்ப்பது, தீ வைப்பது, நிலத்தைத் திருத்துவது எல்லாமே குற்றம். 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, காப்புக்காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்குக் கொடுக்க மத்திய அரசின் ஒப்புதலும் வேண்டும். ஆக, சரணாலயம் இல்லையென்றாலும் பாதுகாப்பு லேசானது என்று நினைக்க வேண்டாம்.

மலை முழுக்க வனத்துறைக்குத்தானே சொந்தம்?

அப்படி நினைப்பவர்கள்தான் அதிகம். அடிவாரத்தில் இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது இரண்டு பக்கமும் காப்புக்காடாகவே தெரிவதால் வரும் எண்ணம் அது. சரிவுகளில் பெரும்பகுதி காப்புக்காடுதான். மேலே ஏறிவிட்டால் கதை வேறு. காப்பி எஸ்டேட்டுகள், மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களும் வயல்களும், ஏற்காடு நகரம், புறம்போக்கு, நடுநடுவே கோவில் காடு என்று நிலம் பல கைகளில் இருக்கிறது.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். பிறகு எஸ்டேட்டுகள் பெருகின. 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் காப்பி, தேயிலை போன்ற தோட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தது. சமவெளியில் பெரிய பண்ணைகள் பிரிந்தபோது மலையில் பெரிய எஸ்டேட்டுகள் நிலைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்று அந்த எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாகப் பாகம் பிரிகின்றன. நிலம் துண்டாகும்போதே நிழல்மரமும் குறையத் தொடங்குகிறது.

காப்புக்காடு, சரணாலயம் என்று அறிவித்தால் காடழிப்பு நிற்குமா?

குறையும். ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு எப்போதும் குறையாது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் இடறுகிறார்கள்.

உள்ளே காடு இருக்கிறது, வெளியே காடு இல்லை, ஆகவே எல்லைதான் காட்டைக் காப்பாற்றியது என்று சொல்வது எளிது. ஆனால் அந்த எல்லை எந்த மாதிரி நிலத்தைச் சுற்றிப் போடப்பட்டது என்று கேட்க வேண்டும். ஜோப்பா, ஃபாஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 2009-இல் 147 நாடுகளைப் பார்த்தார்கள். பாதுகாக்கப்பட்ட பகுதிகள் பெரும்பாலும் உயரமான, செங்குத்தான, சாலைக்கும் ஊருக்கும் தூரமான நிலங்களிலேயே அமைந்திருந்தன. அதாவது யாரும் உழவோ கட்டவோ அதிகம் ஆசைப்படாத நிலம். அங்கே எல்லை இல்லாமல் இருந்தாலும் காட்டில் ஒரு பகுதி தப்பித்திருக்கும்.

கோஸ்டாரிகாவில் 1960 முதல் 1997 வரையான காலத்தை எடுத்து, ஒரே மாதிரிச் சரிவும் மண்ணும் சாலை வசதியும் உள்ள நிலங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். பாதுகாக்கப்பட்ட காட்டில் சுமார் 10 சதவீதம் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போயிருந்தால் அழிந்திருக்கும் என்று 2008-இல் வெளிவந்த அந்த ஆய்வு சொன்னது. பயன் உண்டு. ஆனால் உள்ளே, வெளியே என்று மேலோட்டமாக ஒப்பிடும் பழைய முறை அந்தப் பயனை 65 சதவீதத்துக்கும் மேல் கூட்டிக் காட்டியது.

எல்லை போட்டால் மட்டும் போதாது என்பதற்குப் பிரேசில் நல்ல சாட்சி. அமேசான் காட்டில் 2004-இல் ஏறத்தாழ 27,800 சதுர கிலோமீட்டர் அழிந்தது. 2012-இல் அது சுமார் 4,600-ஆக இறங்கியது. இதில் 2004-க்கும் 2006-க்கும் இடையே ஏற்பட்ட குறைவில் 37 சதவீதம் புதிய பாதுகாக்கப்பட்ட பகுதிகளால் வந்தது என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அப்புறம் என்ன ஆயிற்று? காவல் தளர்ந்தது. 2021-இல் அழிவு மறுபடியும் 13,000 சதுர கிலோமீட்டரைத் தொட்டது.

சேர்வராயன் மலைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். இங்கும் காப்புக்காடு பெரும்பாலும் பாறையும் செங்குத்துமான சரிவில்தான் இருக்கிறது. காப்பி விளையும் மேட்டுநிலம் தனியார் கையில் போயிற்று.

அப்படியென்றால் காப்புக்காட்டால் பெரிய பயன் இல்லை என்கிறீர்களா?

இல்லவே இல்லை. நெருக்கடி எங்கே இருக்கிறதோ அங்கே காப்புக்காடு தன் வேலையைச் செய்கிறது. கன்னங்குறிச்சி பக்கம் போய்ப் பாருங்கள். சேலம் நகரம் மலையை நோக்கி வளர்ந்து வந்து நின்ற இடம் கண்ணுக்கே தெரியும். மனைப்பிரிவுக் கல், கம்பிவேலி, போர்வெல், பாதி கட்டிய மாடிவீடு. அதற்கு அடுத்து வெள்ளையடித்த எல்லைக்கல். அந்தப் பக்கம் உசிலையும் வெள்வேலமும் முட்புதரும். அந்தக் கல் இல்லாவிட்டால் மனைகள் சரிவின்மேல் இன்னும் ஏறியிருக்கும். சமதளமும் சாலையும் பக்கத்தில் உள்ள அடிவாரத் துண்டுகளில்தான் காப்புக்காட்டின் பலன் மிக அதிகம். வனத்துறையின் ஆளும் ஜீப்பும் எங்கே முதலில் இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் அடிவாரத்தைத்தான் காட்டுவேன்.

தண்ணீர்க் கணக்கு வேறு இருக்கிறது. திருமணிமுத்தாறும் சரபங்கா நதியும் இந்த மலையில் பிறக்கின்றன. கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கு வரும் மழைநீரும் இந்தச் சரிவில் இருந்து இறங்குவதுதான். சரிவில் மரம் இருந்தால் மழை மண்ணுக்குள் இறங்கி மெதுவாக வரும். மொட்டைச் சரிவென்றால் ஒரே நாளில் மண்ணையும் சேர்த்து அடித்துக்கொண்டு வந்து ஏரியைத் தூர்க்கும்.

காப்புக்காட்டுக்குள்ளேயே காடு மெலிந்து போகிறதே, அது ஏன்?

ஏனென்றால் காடு கோடரியால் மட்டும் அழிவதில்லை. இந்த மலையின் கீழ்ச்சரிவில் இலையுதிர் காடும் முட்புதர்க் காடும் இருக்கின்றன. பிப்ரவரி பிறந்தால் புல் காய்ந்து, சருகு கணுக்கால் ஆழம் கிடக்கும். மே மழை வரும்வரை அது தீப்பிடிக்கக் காத்திருக்கும் நிலம். தானாகப் பற்றும் தீ மிகக் குறைவு. அணைக்காமல் வீசிய பீடி, வளைவில் வண்டியை நிறுத்திச் சமைத்துவிட்டுப் போன அடுப்பு, குப்பைக்கு வைத்த தீ, புதுப்புல் முளைக்கட்டும் என்று மேய்ச்சலுக்காக வைக்கும் தீ என்று பெரும்பாலும் மனிதர் கைதான் காரணம். ஒருமுறை எரிந்தால் பெரிய மரம் பட்டை கருகி நின்றுவிடும். அதன் காலடியில் முழங்கால் உயரம் வளர்ந்திருந்த கன்றுகள் மொத்தமாகப் போய்விடும். மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எரியும் சரிவில் வயதான மரங்கள் இருக்கும், அடுத்த தலைமுறை இருக்காது. தூரத்தில் இருந்து பார்த்தால் காடு அப்படியே இருப்பதுபோலத் தோன்றும். முப்பது ஆண்டு கழித்துத்தான் இழப்பு தெரியும்.

எரிந்த இடத்தில் முதலில் வருவது உண்ணிச்செடி. அழகுச்செடியாக வெளிநாட்டில் இருந்து வந்தது. ஆடுமாடு வாய் வைக்காது. பறவை பழத்தைத் தின்று விதையைப் பரப்பும். வேரில் இருந்து மறுபடி துளிர்க்கும். கோடையில் காய்ந்து அடுத்த தீக்கு அதுவே விறகாகும். சும்மா வெட்டிவிட்டால் இரண்டு மடங்காகத் தழைக்கும். தூருக்குச் சற்றுக் கீழே வேரோடு வெட்டி, மண் படாமல் தலைகீழாகக் காயப்போட வேண்டும். அந்த இடத்தில் உடனே புல்லோ நம் ஊர் மரக்கன்றோ வைக்காவிட்டால் பட்ட பாடு வீண். தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. கொள்கை சரி; ஒரே சரிவில் ஐந்தாறு ஆண்டு தொடர்ந்து ஆள் போட வேண்டும், அதற்குப் பணம் நிற்காமல் வர வேண்டும்.

தீயைத் தடுக்க வனத்துறை கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடு எடுக்கிறது. சாலையோரமும் எல்லையோரமும் சில மீட்டர் அகலத்துக்குச் செத்தையை வெட்டி, கட்டுப்பாட்டோடு எரித்து, தீ தாண்ட முடியாத வெற்று நிலமாக்குவது. பெரும்பாலும் மலையூர் ஆட்கள்தான் இந்த வேலைக்கும், தீக்காவலுக்கும் தற்காலிகமாக வருகிறார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் மாண்டது நினைவிருக்கும். தீயை எதிர்த்து மலையேறும் இந்தக் கூலி ஆட்களுக்கு நல்ல செருப்பும், காப்பீடும், வருடம் முழுக்க வேலையும் கொடுக்க வேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது.

காப்பி எஸ்டேட்டைக் காடு என்று சொல்லலாமா?

எந்த எஸ்டேட் என்பதைப் பொறுத்தது.

பழைய முறை எஸ்டேட் ஒன்றுக்குள் நடந்து பாருங்கள். தலைக்கு மேல் அத்தி, பலா, நாவல், ஈட்டி, நடுவில் கல்யாண முருங்கை, கீழே காப்பிச்செடி, அதற்கும் கீழே இலை மக்கிய மெத்தென்ற மண். நடுப்பகலிலும் வெயில் பொட்டுப்பொட்டாகத்தான் விழும். அத்தி பழுத்தால் குக்குறுவானும் கொண்டைக்குருவியும் வௌவாலும் வந்து சேரும். அவை விதையைக் கொண்டுபோய்ச் சரிவில் போடும். காப்புக்காட்டுக்கு ஒரு துணைக்காடு மாதிரி அந்த எஸ்டேட் நிற்கிறது.

இன்னொரு எஸ்டேட்டில் நிழலுக்குச் சில்வர் ஓக் மட்டும் இருக்கும். ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த மரம். வேகமாக, நேராக வளரும். மிளகுக்கொடி ஏற்றலாம், நல்ல விலைக்கு வெட்டி விற்கலாம். விவசாயிக்கு வருமானம் வேண்டும், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் நம் பறவைகளுக்குப் பழம் இல்லை. வரிசைவரிசையாக ஒரே வயது மரம். ஒருநாள் விலை ஏறினால் எல்லாவற்றையும் சேர்த்து வெட்டிவிடலாம். அப்போது அந்தச் சரிவில் நிழலே இருக்காது.

இந்த இரண்டு எஸ்டேட்டுக்கும் உள்ள வித்தியாசம் செயற்கைக்கோள் கணக்கில் தெரியாது. இந்திய வன அளவை நிறுவனம் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத, பத்து சதவீதமாவது மரநிழல் உள்ள எந்த நிலத்தையும் காட்டுப்பரப்பு என்று கணக்கில் எடுக்கிறது. யாருக்குச் சொந்தம், என்ன மரம் என்று பார்ப்பதில்லை. 2021 அறிக்கைப்படி தமிழ்நாட்டின் காட்டுப்பரப்பு 26,419 சதுர கிலோமீட்டர், மாநிலத்தில் 20.31 சதவீதம். அந்தக் கணக்கு தன்னளவில் தவறானது இல்லை. ஆனால் ஓர் எஸ்டேட்டில் முக்கால்வாசி நாட்டுமரம் போய்விட்டாலும் அதில் அது காடாகவே நீடிக்கும். மலையில் காடு குறையவில்லை என்று யாராவது புள்ளிவிவரம் காட்டினால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் சொந்த நிலத்தில் என் மரத்தை வெட்ட எதற்கு அனுமதி?

1949-ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டமும் அனுமதி கேட்கின்றன. தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட நிலத்தை விற்கவும் அடமானம் வைக்கவும்கூட முன் அனுமதி வேண்டும். செங்குத்துச் சரிவில் ஒருவர் மரத்தை எடுத்தால் கீழே இருப்பவர் வீட்டுக்குள் மண் வருகிறது. அதனால் இதை வெறும் சொந்த விஷயமாக விட முடியாது.

ஆனால் கட்டுப்பாடு மட்டுமே இருந்தால் அது எதிராகத் திரும்பும் என்பதற்குச் சந்தனமரம் சாட்சி. சேர்வராயன், சவ்வாது மலைகளின் சந்தனம் ஒருகாலத்தில் பேர் போனது. சேலத்தில் அரசுச் சந்தனக் கிடங்கே இருக்கிறது. நெடுங்காலம் பட்டா நிலத்தில் முளைத்த சந்தனமும் அரசுக்குச் சொந்தம் என்ற நிலை. மரம் வளர்ந்தால் திருடன் ஒருபக்கம் வருவான், விசாரணை இன்னொரு பக்கம் வரும், லாபம் கிடையாது. கன்று முளைத்தபோதே பிடுங்கிப்போடுவது விவசாயிக்கு நிம்மதி. காட்டுக்குள் கடத்தல் ஒருபுறம், பட்டா நிலத்தில் இந்தப் பயம் மறுபுறம். 2002-இல் சட்டம் மாறி, பட்டா நிலத்துச் சந்தனம் நில உரிமையாளருக்கே என்றானது. வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாக. நாட்டுமரம் வைத்திருப்பவருக்கு அந்த மரத்தால் தொந்தரவும் சில்வர் ஓக் வைத்திருப்பவருக்கு வருமானமும் என்று இருந்தால், அடுத்த முறை கன்று நடும்போது அவர் கை எதை எடுக்கும்? நாட்டுமர நிழலுக்கு நேரடி ஊக்கத்தொகை வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

மலைவாசி மக்கள் விறகு வெட்டியும் ஆடு மேய்த்தும்தானே காட்டை அழிக்கிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். விறகும் மேய்ச்சலும் காட்டைத் தொடுகின்றன, உண்மை. ஆனால் மேட்டுநிலக் காடு காப்பியானதும், மலையுச்சி பாக்சைட் குழியானதும், சரிவு விடுதியானதும் மலையாளி மக்களின் விறகுச்சுமையாலா?

காஞ்சிபுரத்தில் இருந்து வந்தவர்கள் என்று தங்கள் வரலாற்றைச் சொல்லும் இந்த மக்கள் சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சைமலை, சவ்வாது மலைகளில் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். சாமை, கேழ்வரகு விளைவிக்கிறார்கள். ஊருக்கு ஊர் சாமிக்கென்று விட்ட கோவில் காட்டில் அரிவாள் படக்கூடாது என்ற கட்டுப்பாட்டை எந்த அறிவிக்கையும் இல்லாமல் காத்து வந்திருக்கிறார்கள்.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் இருக்கும் பழங்குடிக் குடும்பத்துக்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமை தருகிறது. அதைவிட முக்கியம், ஊர் மக்கள் சேர்ந்து தங்கள் காட்டைப் பாதுகாத்து நிர்வகிக்கும் சமூக வன உரிமை. தமிழ்நாட்டில் 2008-இல் வந்த ஓர் உயர் நீதிமன்ற உத்தரவால் உரிமைப்பட்டா வழங்குவது முடங்கியது. 2016-இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிய பிறகுதான் வேலை நகர்ந்தது. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி (பழங்குடிப் பகுதி என்று அரசமைப்புச் சட்டத்தின்கீழ் அறிவித்த பகுதி) எதுவும் இல்லை என்பதால், அப்படிப் பகுதிகள் உள்ள மாநிலங்களின் பழங்குடிக் கிராமசபைகளுக்கு உள்ள சில அதிகாரங்கள் இங்கே கிடையாது. இருக்கும் ஒரே நல்ல கருவி இந்தச் சட்டம்தான்.

ஊர்க்காரர்கள் கையில் காடு நிலைக்குமா என்ற சந்தேகத்துக்கும் விடை இருக்கிறது. உத்தராகண்டில் கிராமக் குழுக்கள் நிர்வகிக்கும் வன் பஞ்சாயத்துக் காடுகளையும் அரசுக் காடுகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2009-இல் வந்தது. கிராமக் காடுகள் அரசுக் காட்டைவிட மோசமாக இல்லை. செலவோ ஹெக்டேருக்குப் பல மடங்கு குறைவு.

சுரங்கம் நின்றுவிட்டது அல்லவா, இன்னும் ஏன் அதைப் பேச வேண்டும்?

மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இந்த மலையுச்சியிலும் கொல்லிமலையிலும் பல ஆண்டுகள் பாக்சைட் வெட்டினார்கள். பாக்சைட் படிவது தட்டையான உச்சியில். மழையை உறிஞ்சி ஊற்றுகளுக்கு விடுவதும் அந்த மேல்மண்தான். குழியை மூடி மரம் நட்டுவிட்டால் பச்சை திரும்பும், பழைய மண் அடுக்கு திரும்பாது. கீழே மாமாங்கம், கருப்பூர் பக்கத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கங்களைப் பேருந்தில் போகும்போதே பார்க்கலாம். மண்ணைத் தோண்டி எடுத்த நிலம் எத்தனை காலம் வெறுமையாகக் கிடக்கும் என்று அவை காட்டும்.

சாலை போட்டால் காடு போய்விடுமா? வளர்ச்சி வேண்டாமா?

சாலைக்காக வெட்டும் மரம் இழப்பின் சிறுபகுதி. சாலை திறந்துவிடும் நிலம்தான் பெரும்பகுதி. அமேசானில் அழிந்த காட்டில் ஏறத்தாழ 95 சதவீதம் சாலையில் இருந்து ஐந்தரை கிலோமீட்டருக்குள்ளோ படகு போகும் ஆற்றில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளோ இருந்ததாக 2014-இல் ஓர் ஆய்வு கண்டது. ஏற்காட்டுக்கு இன்னொரு சாலையாகக் குப்பனூர் வழி வந்தபின் அந்தப் பக்கத்து நிலவிலை என்ன ஆயிற்று என்று அங்கே உள்ளவர்களைக் கேளுங்கள்.

சேலம் – சென்னை எட்டு வழிச் சாலைக்கு 2018-இல் எழுந்த எதிர்ப்பு பெரும்பாலும் விவசாய நிலத்தைப் பற்றியது. 277 கிலோமீட்டர் நீளத்தில் மலையடிவாரக் காடுகளும் இருந்தன. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நடைமுறையைப் புதிதாகத் தொடங்கலாம் என்றது. மலையூருக்கு ஆம்புலன்ஸ் போகும் சாலை கட்டாயம் வேண்டும். அந்தச் சாலையோடு இரண்டு பக்கமும் நிலப்பயன்பாட்டை மாற்றக் கூடாது என்ற கட்டுப்பாடும் சேர்ந்தே வர வேண்டும்.

காட்டெருமை எஸ்டேட்டுக்குள்ளும் ஊருக்குள்ளும் வருவது காடு சுருங்கியதாலா?

ஓரளவு அதுவும் காரணம். உண்ணிச்செடி மண்டியதால் சரிவில் புல் குறைந்தது, கோடையில் நீர் வற்றுகிறது, எஸ்டேட்டில் நிழலும் தண்ணீரும் கிடைக்கிறது. கம்பிவேலி பெருகப்பெருக அவை போய்வந்த வழி அடைபட்டுச் சாலைக்கு வருகின்றன. விடியற்காலையில் காப்பி பறிக்கப் போகும் பெண்கள்தான் முதலில் ஆபத்தில் மாட்டுகிறார்கள். அருகே போய்ப் படம் எடுக்காதீர்கள்.

மரக்கன்று நட்டால் சரியாகிவிடும்தானே?

2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலப் பரப்பில் 33 சதவீதத்தை மரம் போர்த்த வேண்டும் என்கிறது. வெட்டவெளியில், ஊர்ப்பொது நிலத்தில் நடுவது நல்லது. ஆனால் சேர்வராயன் சரிவில் காடு தானே திரும்பும் சக்தியோடு இருக்கிறது. மண்ணில் விதையும் பழைய தூரும் இருக்கின்றன. தீயை நிறுத்தி, உண்ணிச்செடியை எடுத்து, சில ஆண்டு மேய்ச்சலைத் தள்ளி வைத்தாலே நட்டதைவிட நன்றாக வரும்.

சேர்வராயன் மலையையும் சரணாலயம் ஆக்கச் சொல்லலாமே?

நான் ஆதரிக்க மாட்டேன். பாறைச் சரிவு ஏற்கெனவே காப்புக்காடு. பெயரை மாற்றுவதால் மேட்டுநில எஸ்டேட்டில் ஒரு நாட்டுமரம்கூடக் கூடுதலாகத் தப்பாது. மலையூர்க்காரர்களின் பயம்தான் கூடும். இங்கே பொருந்தும் வழிகள் வேறு. தனியார் நிலத்தையும் ஊர்ப்பொது நிலத்தையும் உரிமையாளரே முன்வந்து காப்பாற்றச் சமுதாயக் காப்பகம் என்ற பிரிவு இருக்கிறது. உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின்கீழ்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கலாம். மதுரை அரிட்டாபட்டிக்கு 2022-இல் அந்தத் தகுதி கிடைத்தது. அங்கே வரவிருந்த டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானதற்கு ஊர் மக்கள் சேர்ந்து நின்றது காரணம். திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டிக் கோவில் காடும் 2025-இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. சேர்வராயன் மலையிலும் கோவில் காடுகள் இருக்கின்றன. வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்று இந்த மலையின் பேரையே தாங்கிய மரமும் உண்டு. 1963 முதல் ஏற்காட்டில் இயங்கும் தாவரவியல் அளவைத் துறையின் ஆர்க்கிட் தோட்டமும் இருக்கிறது. தொடங்குவதற்கு இவை போதும்.

ஏற்காட்டில் இடம் வாங்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

பட்டா, சிட்டாவோடு நிறுத்தாதீர்கள். 'அ' பதிவேட்டில் நிலம் என்ன வகை என்று பாருங்கள். புலப்படத்தை (நில அளவை வரைபடம்) கையில் வைத்துக்கொண்டு எல்லைக்கல்லைத் தேடி நடங்கள். காப்புக்காடு ஒட்டி இருந்தால் வனத்துறையிடம் எல்லையை உறுதி செய்யுங்கள். தனியார் காடு அறிவிக்கைக்குள் வருகிறதா, அரசு நிபந்தனையோடு கொடுத்த நிலமா, யாராவது வன உரிமை கோரியிருக்கிறார்களா என்று கேளுங்கள். 1990-இல் அமைந்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பில் ஏற்காடு வருகிறது. மனைப்பிரிவு, பெரிய கட்டடம் என்றால் வனம், கனிமவளம், வேளாண் பொறியியல் துறைகளின் கருத்து கேட்பார்கள். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்’ என்று புரோக்கர் சொன்னால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

வாங்கிவிட்டீர்கள் என்றால், கட்ட வேண்டிய இடத்தை மட்டும் திருத்துங்கள். நிற்கும் அத்தியையும் நாவலையும் வெட்டாதீர்கள். நிலம் முழுக்கக் கம்பிவேலி போட்டு அடைக்காதீர்கள். ஓடை போகும் வழியை மூடாதீர்கள். கோடைக்கு முன்பே எல்லையோரச் சருகை வாரிவிடுங்கள். புகை கண்டால் 101-ஐயும் பக்கத்து வனச்சரக அலுவலகத்தையும் உடனே அழையுங்கள். அந்த அலுவலக எண்ணை இடம் பதிவான அன்றே கைப்பேசியில் ஏற்றிவைத்துக்கொள்ளுங்கள்.